சிறுநீரகம் காக்கும் தமிழ்

ஆடுதின்னாப்பாளை என்னும் செடிப்பெயரை இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் வழக்கம். 'தின்னா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'தின்னாத' என விரியும். மாணவர் குறித்துக்கொள்வர், தேர்வில் எழுதுவர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆயின், கண்ட தழையையெல்லாம் மேயும் ஆடு இதனை ஏன் ஒதுக்குகிறது என்று வினவுவார் அரியர். பெயரிட்ட முன்னோர் அதனைக் கண்ணாற் கண்டு பெயரிலேயே பொதிந்து வைத்தனர். ஆடு ஒதுக்கிய அச்செடியை மனிதனே நாட்டுமருந்துக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் பொடித்து உண்கிறான்.

இச்செடியும் ஈச்சுரமூலி எனப்படும் கொடியும் அரிஸ்டலோக்கியா என்னும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. இவற்றிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் தோற்றுவிக்கும். இதனை உலகம் அறிந்த வரலாறு தமிழ் பயில்வோர் கருதத்தக்கது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிவதற்கென மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தனர். ஆராய்ந்தபோது, சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்கு மாற்றாக, அதனோடு ஒத்த பெயருடைய வேறொரு மூலிகை கலந்திருந்தது புலனாயிற்று. இரண்டின் சீனப் பெயர்களிலும் 'பாங் சி' என்னும் சொல் பொதுவாக நின்றது. ஒரு பெயர் மயக்கம் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைப் பறித்தது! டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை அடுத்த பால்கன் சிற்றூர்களிலோ கோதுமை வயலில் களையாக முளைத்த இவ்வினச் செடியின் விதை மாவிற் கலந்து, தலைமுறை தலைமுறையாக ஊரை உருக்கியது.

சித்த மருத்துவத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. முறையாகக் கற்ற மருத்துவர் வேறு. சந்தையில் பொட்டலம் கட்டி விற்பவர் வேறு. எனினும் 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்னும் நம்பிக்கை ஆராயாது ஏற்கத்தக்கதன்று. நாட்டுமருந்து உண்டோரிடம் காணப்படும் ஒருவகைச் சிறுநீரக நோயைச் சென்னை சார்ந்த நோய்க்கூற்று ஆய்வாளர் 2022இல் வெளியிட்டனர்; பாதரசத்தின் மீதே ஐயம் எழுந்தது. மறு ஆண்டு, கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிவப்பழகுக் களிம்பு பூசியோரிடம் அதே நோய் காணப்பட்டது. நிறம் வெளுக்க வேண்டிச் சிறுநீரகத்தை விலைகொடுக்கும் இப்பேதைமைக்கு நம் திருமணச் சந்தையும் பொறுப்பேற்க வேண்டும்.

நஞ்சு உண்பதால் மட்டும் வருவதன்று. உழைக்கும் இடத்திலும் காத்திருக்கிறது. பட்டுக்கோட்டை வட்டத்தில் கல்லணைக் கால்வாய் பாயும் வயல்களும், தென்னந்தோப்புகளும், அதிராம்பட்டினக் கரையோர உப்பளங்களும் உள்ளன. மூன்றிலும் உச்சிவெயிலில் உழைப்போர் மிகுதி. தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் போரூர் இராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை செய்த ஆய்வில், நூற்றுக்கு எழுவருக்குச் சிறுநீரகச் செயல் குன்றியிருந்தது. 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தமிழக வேளாண் தொழிலாளர் 3,350 பேரைச் சோதித்தது. நூற்றுக்கு ஐவருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய்க்கு வழக்கமான காரணங்களான சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இல்லை.

கடல் கடந்தால் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் இதே கதை. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் உழவரிடையே 1990களில் இந்நோய் வெளிப்பட்டது. பூச்சிமருந்தா, கிணற்றுநீரின் கடினத்தன்மையும் புளூரைடுமா, காட்மியமா, வெயிலா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. 2015இல் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தடை செய்த அவ்வரசு பின்னர் அத்தடையை நீக்கியது. காரணம் ஒன்றா பலவா என்று அறிஞர் வழக்காடட்டும். கையுறையும் முகமூடியும் இன்றி மருந்து தெளிப்பதும், வெயிலில் நீரருந்தாது நாள்முழுதும் நிற்பதும், மாலையில் உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்குவதும் தீது என்பதற்கு அவ்வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நீர்ச்சத்து வற்றிய உடலில் டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைப்பது மருத்துவ உலகம் ஐயமற அறிந்தது.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. இரு சிறுநீரகங்களும் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகட்டிகள். அவற்றுட் பாதிக்கு மேல் அழிந்தும் வலி தோன்றாது. கால் வீங்கி, உணவு வெறுத்து, மூச்சு வாங்கி மருத்துவரை நாடும்போது, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு பிணைக்கும் இரத்தச் சுத்திகரிப்பே பலருக்கு எஞ்சுகிறது. குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் அவ்வாறு படுத்தால், உடன் செல்பவரின் கூலியும் போகிறது. இதனை முன்னரே காட்டுவன இரண்டு எளிய சோதனைகள்: இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம். சிறுநீர்ச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. சோதனை உண்டு, சோதிக்க வருவோர் வேண்டுமே!

இங்குத்தான் தமிழ்த்துறைக்குப் பணி உள்ளது என்பது நம் துணிபு. நோயாளர் கையிற் கிடைக்கும் துண்டறிக்கைகள் பல ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தவை. 'பொட்டாசியம் மிகுந்த உணவுகளைத் தவிர்க்க' என்று ஒரு வரி இருக்கும். தென்னந்தோப்பில் வாழும் மூதாட்டிக்கு இது என்ன கூறும்? நோயுற்றவரைக் காணச் செல்வோர் இளநீர் வெட்டிக்கொண்டு போவது நம் ஊரின் மரபு. 2018இல் கஜா புயல் சாய்த்தது போக எஞ்சிய மரங்களிலும் அதற்குக் குறைவில்லை. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவருக்கு அவ்விளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். 'உடற்சூடு தணியும்' என்று அன்போடு ஊட்டுவதே கேடாகிறது. உப்பளத்தில் நிற்கும் நலமுள்ள இளைஞனுக்கு அதே இளநீர் நல்லுணவு. ஆகவே 'இன்னார்க்கு நன்று, இன்னார்க்குத் தீது' என்று பிரித்து, அவரவர் சொல்லால் எழுதுவார் வேண்டும்.

இது புதிய முயற்சியும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் அவர் முயற்சியால் அச்சேறின. அயல்நாட்டார் செய்ததை, தமிழை முதன்மைப் பாடமாகக் கற்ற நாம் செய்ய இயலாதா? நம் மண்ணின் மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரம் உப்பளத் தொழிலும் செய்தவர் என்பர். உழைப்பவன் செவிக்கு எட்டும் தமிழ் எது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். ரமலானில் நோன்பை விட மனமின்றித் தாமே மாத்திரையை நிறுத்தும் சிறுநீரக நோயாளர் உண்டு. நோயுற்றார்க்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை மருத்துவர் கூறுவதினும் ஆலிம் பெருமக்கள் கூறின் அவர் மனம் அமைதியுறும். பிறை காண்பதற்குச் சில கிழமை முன்னரே ஜும்ஆ உரையில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். நோன்பு தொடங்கிய பின் கூறுவது பயன் தராது. கிராமசபைக் கூட்டத்திலும் கோயில் திருவிழாவிலும் இதே செய்தியை ஒலிக்கச் செய்யும் பொறுப்பு ஊராட்சியினர்க்கு உண்டு.

நம் மாணவர் முதலில் செய்ய வேண்டுவது சொல் திரட்டல். கால் வீக்கத்தைச் சிலர் 'நீர் கோத்துக்கொண்டது' என்பர்; சிறுநீரில் புரதம் போவதை 'நுரைத்துப் போகிறது' என்பர். மருத்துவர் ஏட்டில் இல்லாத இச்சொற்களே வாயில்கள். வயலுக்கும் உப்பளத்திற்கும் கடற்கரைத் தெருக்களுக்கும் இருவர் இருவராகச் சென்று இவற்றைக் குறித்து வரலாம். பின்னர் அரசு மருத்துவர் ஒருவர் பிழைநீக்கித் தர, எட்டுப் பக்கங்களுக்கு மிகாத சிறுநூலாக அதனை அச்சிடலாம். முதற்பக்கத்தில் ஆடுதின்னாப்பாளையின் படம் இருக்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். படிக்கவிருப்போருட் பலர் கண்ணாடி அணியாத முதியோர்.