எட்டா, நூற்று நாற்பத்து நாலா?

சனிக்கிழமை காலையில் வெம்பிளியிலிருந்து என் மாமி யாழ்ப்பாணத்துத் தங்கையோடு வட்ஸ்அப்பில் பேசுவார். நலம் விசாரித்து முடிய, பேச்சு சீனி வருத்தத்துக்கு வந்துவிடும். "எனக்கு இண்டைக்கு வெறும் வயித்தில எட்டு" என்பார் மாமி. "எனக்கு நூத்தி நாப்பத்தைஞ்சு. உங்களுக்கென்னக்கா, லண்டன் மருந்து" என்று அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். உண்மையில் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

பிரித்தானியாவில் இரத்தக் குளுக்கோஸைச் சொல்லும்போது ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் ஒரு டெசிலீற்றரில், அதாவது நூறு மில்லிலீற்றரில், எத்தனை மில்லிகிராம் என்பதே வழக்கம். குளுக்கோஸின் மூலக்கூற்று நிறை 180. ஆகவே முதல் எண்ணை 18ஆல் பெருக்கினால் இரண்டாவது எண் வரும். எட்டு என்றால் 144. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையிலும் இதே குழப்பம்தான். ஊரில் 6.5 சதவீதம் என்று எழுதுவதை இங்கே 48 என்று எழுதுவார்கள். 48 என்று கேட்டு ஊரில் ஒருவர் பயந்துபோனதையும் நான் கண்டிருக்கிறேன்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், கணினி படித்த நம் பிள்ளைகள் பலர் "எங்கட ஆக்களுக்கு ஒரு ஹெல்த் அப் செய்யப்போறன்" என்று வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொண்டுவரும் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு எண், கீழே பச்சையும் சிவப்பும். வடிவமைப்பு என்றால் அந்த வட்டத்தை அழகாக வரைவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் கண்ணில் படப்போகிறது, பார்த்தவர் அடுத்த நிமிடம் என்ன செய்வார் என்ற மூன்றையும் தீர்மானிப்பதுதான் வடிவமைப்பின் பெரும்பகுதி. வட்டத்தைக் கடைசியில் வரைந்தாலும் போதும்.

மீற்றரையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் சில மீற்றர்களில் இரண்டு அலகுகளையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது. வசதி என்றுதான் அதைச் செய்தார்கள். 2005ஆம் ஆண்டில், அவற்றுள் சில கீழே விழுந்தபோதும் திகதி மாற்றும்போதும் அலகு பாவிப்பவர் அறியாமலே மாறிவிடுகிறது என்று எச்சரிக்கை வந்தது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் 144ஐக் காண்பவருக்குச் சந்தேகமாவது வரும். மில்லிகிராமுக்குப் பழகிய ஒருவர் அதே இடத்தில் எட்டைக் கண்டால் சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று நினைத்து இனிப்பைத் தேடி ஓடுவார். இன்று பிரித்தானியாவில் விற்கும் மீற்றர்களில் ஒரே அலகுதான். மாற்றும் தெரிவையே எடுத்துவிட்டார்கள். ஒரு பொத்தானைச் சேர்ப்பதைவிட எடுத்துவிடுவதற்கே அதிக யோசனை வேண்டும்.

சொற்களிலும் இதே கதைதான். பிரித்தானிய அரசாங்கச் சுகாதார சேவையான என்எச்எஸின் இணையத்தள நடைக் கையேடு, ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது. சிறுநீருக்கு வைத்தியர் சொல்லும் சொல்லை விட்டு, பிள்ளைகள் சொல்லும் 'பீ', மலத்துக்கு 'பூ' என்றே எழுதுகிறார்கள். அரசாங்கம் இப்படியா எழுதுவது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் நோய் வந்தவர் தேடும் சொல் அதுதான்.

அப்படி எழுதிய ஒரு துண்டுப்பிரசுரம் தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது? பெரும்பாலும் தமிழ்நாட்டு நடையில், அதுவும் பாடப்புத்தக நடையில் வருகிறது. 'மாத்திரை' என்று போட்டிருக்கும். மாமிக்கு அது குளிசை. 'சர்க்கரை அளவு' என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது. இரத்தத்தில் இருப்பது சீனி. தொலைக்காட்சியின் புண்ணியத்தில் அவருக்கு விளங்கத்தான் செய்யும். ஆனால் இது தனக்கென்று எழுதியதல்ல என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். 2021 குடிசன மதிப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். அவர்களுக்குள்ளேயே குறைந்தது இரண்டு தமிழ்கள் இருக்கின்றன. 'நீரிழிவு' என்ற சொல் இரண்டு பக்கத்தாருக்கும் பொது. இப்படிப் பொதுவான சொற்களைப் பொறுக்கி எடுப்பதற்குக் கணினி வேண்டாம். ஈலிங் வீதிக் கடைவாசலில் ஒரு பின்னேரம் நின்று கேட்டாலே போதும்.

இனி, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. வெம்பிளியிலிருந்து சில மைல் தென்மேற்கே சவுத்தோல். 1988 முதல் அங்கே பால் மக்கீக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தெற்காசியர், ஐரோப்பியர் என மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் இடுப்பையும் இரத்தத்தையும் அளந்தார்கள். நிறை ஒன்றாக இருந்தாலும் தெற்காசியருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதல், நீரிழிவும் கூடுதல் என்பது 1991இல் வெளியான கட்டுரையில் தெளிவாயிற்று. பின்னர் வெம்பிளி அடங்கும் நம் பிரென்டில் அளந்த கரிபிய வழியினரையும் சேர்த்து, அதே மக்களை இருபது வருடங்களாகத் தொடர்ந்து பார்த்தார்கள். எண்பது வயதுக்குள் தெற்காசியரிலும் கரிபியரிலும் பத்தில் நாலைந்து பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. ஐரோப்பியருக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. சவுத்தோலில் அளந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். யாழ்ப்பாணத்து இடுப்பை அங்கே யாரும் தனியாக அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரியான ஆய்வுகள் சேர்ந்த பிறகுதான், 2013இல் 'நைஸ்' என்ற தேசிய வழிகாட்டி நிறுவனம் உடல் நிறைச் சுட்டெண்ணுக்கு நமக்கென்று வேறு எல்லைகளைச் சொன்னது. வெள்ளையருக்கு 25இல் தொடங்கும் கவலை நமக்கு 23இல். அவர்களுக்கு 30 என்பது நமக்கு 27.5. அந்தச் சுட்டெண்ணுக்கு அடிப்படையை 1830களில் கேத்தலே என்ற பெல்ஜியக் கணிதர் ஐரோப்பிய உடல்களை வைத்துப் போட்டார். அவர் மனத்தில் நாம் இருந்திருக்க வழியில்லை. இன்று என்எச்எஸ் கணிப்பானில் உயரம், நிறை எல்லாம் கேட்டபின் 'உங்கள் இனப்பின்னணி என்ன' என்று ஒரு கேள்வி வரும். சிலர் இதைக் கண்டு கோபப்படுகிறார்கள். இங்கேயும் இனம் கேட்கிறார்களா என்று. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் சவுத்தோலின் இடுப்பளவுகள் இருக்கின்றன என்று ஒரு வரி பக்கத்தில் எழுதியிருந்தால் கோபம் தணிந்திருக்கும். கேள்வியை நீக்கிவிட்டுப் பொதுவான எல்லையைக் காட்டும் செயலிகள் இன்னும் நிறைய உண்டு. 24 உள்ள ஒரு தமிழருக்கு அவை பச்சை காட்டும்.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஒட்சிசன் கருவியும் இப்படித்தான். 2020 நவம்பரில் இங்கிலாந்தில் நோயாளிகளின் வீட்டுக்கே அதைக் கொடுத்தனுப்பும் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்களின் ஆய்வு வந்தது. உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டியது கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்றது. தோலை ஊடுருவும் ஒளியைக் கொண்டு கணிக்கும் கருவி, கருமையான தோலில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைப் போதுமான அளவு சோதிக்காமல் சந்தைக்கு வந்திருந்தது.

சரி, எண் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய எண்?

இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல கதை உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் ஜோன் கொஸ்ரிக் என்ற மென்பொருள் பொறியியலாளரின் சிறு மகனுக்கு முதல்வகை நீரிழிவு. பிள்ளையின் உடம்பில் குளுக்கோஸை விடாமல் அளக்கும் கருவி இருந்தது. ஆனால் எண்ணைக் காட்டும் சிறு பெட்டி பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வேலைக்குப் போன அப்பாவுக்குத் தெரியாது. 2013இல் அவர் அந்தப் பெட்டியின் தரவை உருவி இணையத்துக்கு அனுப்ப ஒரு நிரல் எழுதி, அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். மற்றப் பெற்றோரும் சேர்ந்தார்கள். 'நைட்ஸ்கவுட்' என்ற பெயரில் அது பரவியது. நோயாளி ஒருவர், கருவி ஒன்று என்று கம்பனிகள் நினைத்த இடத்தில் ஒரு வீடு முழுவதும் இருக்கிறது என்பதைக் கம்பனிக்கு வெளியே இருந்த ஒரு அப்பா காட்டினார்.

இப்போது கம்பனிகளும் அதைச் செய்கின்றன. மாமியின் மேற்கையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஒரு வட்டச் சில்லு ஒட்டியிருக்கிறது. பெயர் ஃப்ரீஸ்டைல் லிப்ரே. முதல்வகை நீரிழிவுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும், நாளுக்குப் பலதடவை இன்சுலின் போடும் இரண்டாம் வகையினரில் சிலருக்கும் இப்படிப்பட்ட கருவியைக் கொடுக்கலாம் என்று 2022 மார்ச்சில் நைஸ் சொன்னது. இரவில் அடிக்கடி சீனி இறங்கிவிடும் மாமிக்கு அந்த வழியில்தான் கிடைத்தது. அதோடு வரும் இன்னொரு செயலியில் இருபது பேர் வரை அவருடைய எண்ணைத் தம் கைத்தொலைபேசியில் பார்க்கலாம்.

இருபது பேர்! இந்த எண்ணிக்கையைத் தீர்மானித்தவருக்குத் தமிழ்க் குடும்பத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

அலாரம் அடித்து மகள் ஓடிவந்து சீனித்தண்ணீர் கொடுத்த இரவுகள் உண்டு. அந்த வசதிக்குக் கும்பிடு போடலாம். அதே வசதிதான் வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் வாயில் போட்ட முக்கால் மணித்தியாலத்தில் ரொறன்ரோவிலிருந்து மகனின் அழைப்பைக் கொண்டுவருகிறது. "அம்மா, பதினாலு காட்டுது. என்ன சாப்பிட்டனீங்கள்?" எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு வாயில் போட்டதற்குக் கணக்குச் சொல்ல வேண்டி வருகிறது. இறங்கினால் மட்டும் மற்றவர்களுக்குச் சொல், ஏறினால் எனக்கு மட்டும் சொல் என்று பிரித்துவைக்கத் தெளிவான ஓர் இடம், முதல் திரையிலேயே, வேண்டும் என்பது என் எண்ணம். காப்பதும் வேவு பார்ப்பதும் அந்த ஒரு தெரிவில்தான் பிரிகின்றன.

என்எச்எஸ் செயலியில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. 2019 தொடக்கத்தில் அறிமுகமான அந்தச் செயலி ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. வெம்பிளி வீடுகளில் நடப்பது என்ன? குளிசைக்கு ஓடர் போடுவது பேத்தி. அப்பொயின்ட்மென்ட் பார்ப்பது மருமகன். கடவுச்சொல் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ். அப்படித் திறக்கும் கணக்கில் குளிசைப் பட்டியலோடு ஜீபி, அதாவது குடும்ப வைத்தியர், எழுதிய குறிப்புகளும் தெரியலாம். மருமகளைப் பற்றி வைத்தியரிடம் அழுதிருந்தால் அதுவும் அங்கே இருக்கலாம். இதற்கு முறையான வழி உண்டு: ஜீபி அலுவலகத்தில் சொல்லி, நோயாளியின் சம்மதத்தோடு, மகளுக்கோ மகனுக்கோ அவர்களுடைய சொந்தக் கணக்கிலிருந்தே பார்க்கும் அனுமதியைப் பெறலாம், எதை எதைப் பார்க்கலாம் என்றும் வரையறுக்கலாம். நம்மில் இதைச் செய்தவர்கள் சிலரே. வரவேற்பு மேசையிலேயே இதைக் கேட்கலாம். கேட்கலாம் என்று தெரியாததுதான் குறை.

எண் யாருடையது என்ற இதே கேள்வி வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். குளிர்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும் வாடகை அறைகள் இங்கே பல. ஈரப்பதம் காட்டும் சிறு கருவிகள் இப்போது மலிவு. கைத்தொலைபேசிக்கே எண்ணை அனுப்பும். 75 என்று காட்டினால் என்ன செய்வது? சோறு வடிக்கும்போது யன்னலைத் திற, ஈர உடுப்பை ஹீட்டரில் போடாதே என்று செயலி அறிவுரை சொல்லும். பிழையில்லை. ஆனால் 2020 டிசம்பரில் ரொச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் பூஞ்சணம் பிடித்த வீட்டில் மூச்சுநோயால் இறந்தபோது, வீட்டு நிறுவனம் குடும்பத்தின் வாழ்க்கைமுறையையே காரணமாக ஊகித்திருந்தது. பின்னர் அது பிழை என்று ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2021 ஒக்டோபரில், வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி தம் அறிக்கைக்கு 'இது வாழ்க்கைமுறை அல்ல' என்றே தலைப்பிட்டிருந்தார்.

குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. பெரிய ஆபத்து பற்றி அறிவித்தால் பத்து வேலைநாளுக்குள் அதை ஆராய வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை. ஆகவே ஈரமானியின் 75ஐக் குடியிருப்பவரிடம் மட்டும் காட்டும் செயலி பாதி வேலையைத்தான் செய்கிறது. திகதியோடு, படத்தோடு, வீட்டுக்காரருக்கு அனுப்பும் கடிதமாக அந்த எண்ணை மாற்றித்தரும் செயலி ஒன்றை நம் பிள்ளைகளில் யாராவது செய்யட்டும். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும், அம்மாவுக்கு அது தமிழில் விளங்க வேண்டும். அது போதும், வட்டமும் பச்சையும் தேவையில்லை.

மாமி போன வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூப்பிட்டுத் தம் செயலியில் இருந்த பெயர்களைக் காட்டச் சொன்னார். ரொறன்ரோ மகனின் பெயரில் விரல் வைத்து, "இதை எப்படிப் பிள்ளை எடுக்கிறது?" என்றார். எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு, படுக்கப்போகும் முன், திரும்பச் சேர்க்கச் சொன்னார்.