நகலுக்கு ஏது அபூர்வ விலை?

பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜ்களை நகல் செய்து கொள்ளை விலைக்கு விற்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் கைவசம் வைத்திருக்கிறார்கள்: "ரெப்ரோ (நகல்) என்று சொல்லித்தானே விற்கிறான்? இஷ்டப்பட்டவன் வாங்குகிறான். உனக்கென்ன?" அசல் என்று பொய் சொல்லி விற்பவன்தான் ஏமாற்றுக்காரன், நகல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதன்பின் எந்த விலையும் நியாய விலையே என்பது இதன் சாரம். கேட்க நியாயமாகத் தோன்றுவதாலேயே இது வேதவாக்காகிவிட்டது. அந்த ஒரு வரி விற்பவரை எதிலிருந்தும் விடுவிப்பதில்லை என்பது என் கட்சி. வாய் நகல் என்று சொல்லும்போதே விலை அசல் என்று சொன்னால், வாங்குபவர் நம்புவது விலையைத்தான்.

போக்கிமான் எமரால்டையே எடுத்துக்கொள்வோம். கேம் பாய் அட்வான்ஸுக்காக 2004இல் ஜப்பானிலும், 2005இல் அமெரிக்காவிலும் வந்த கேம். அசல் கேட்ரிட்ஜ் இன்று நூறு டாலருக்கு மேல் போகிறது. காரணம் ரகசியமல்ல. உற்பத்தி நின்று பல வருடம் ஆயிற்று. பல தொலைந்தன, பல உடைந்தன. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று சம்பளம் வாங்குகிறார்கள். இருப்பது குறைவு, கேட்பவர் அதிகம். அந்த விலை பிடிக்கிறதோ இல்லையோ, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

நகலின் கணக்கு என்ன? சீன மொத்த வியாபாரிகளிடம் ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும் அதே கேட்ரிட்ஜ், ஒரு கண்காட்சி மேசைக்கோ இணையச் சந்தைக்கோ வந்ததும் முப்பது, நாற்பது டாலராகிறது. இடையில் நடந்த வேலை, உறை மாற்றியது. கூலி என்று சொல்ல வழியில்லை. அபூர்வம் என்றும் சொல்ல முடியாது. நாளைக்கே இன்னும் ஆயிரம் வரவழைக்கலாம். அப்படியானால் அந்த முப்பது டாலர் எங்கிருந்து வந்தது? அசலின் விலைச்சீட்டிலிருந்து கடன் வாங்கியது. "அசல் நூற்றைம்பது, நம்மிடம் நாற்பதுதான்" என்று விற்பவர் சொல்லும்போது சரக்கே அந்த ஒப்பீடுதான்.

1990இல் நின்டெண்டோ உலக சாம்பியன்ஷிப்புக்காகச் செய்த கேட்ரிட்ஜ்களின் கதை இதைவிட வெளிப்படை. சாம்பல் நிறத்தில் 90, பொன்னிறத்தில் 26. அந்தக் கேட்ரிட்ஜின் மதிப்பே அந்த எண்ணிக்கைதான். அதற்கும் பொன்னிற உறை போட்டு நகல் விற்கிறார்கள். 26 என்பதற்காக மதிக்கப்படும் ஒன்றின் நகலில், விளையாட்டு இருக்கலாம், பொன்னிறம் இருக்கலாம், 26 இருக்காது.

கைக்கு வருவது எப்படிப்பட்ட பொருள் என்பதையும் பார்த்துவிடலாம். எமரால்டு அசலின் பச்சை உறையில் லேசாக ஒளி ஊடுருவும். கீழே பொன்னிற முனைகளுக்குச் சற்று மேலே, உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையில் நின்டெண்டோ பெயர் சின்னதாக அச்சாகியிருக்கும். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டிலக்க எண் ஒன்று தெரியும். ஆட்டத்தைச் சேமிப்பது ஃப்ளாஷ் நினைவகம். உள்ளே இருக்கும் பேட்டரி, கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நிற்கும், சேமித்தது போகாது.

மலிவான நகல்கள் பலவற்றில், சேமித்ததே ஒரு பொத்தான் பேட்டரியின் தயவில் நிற்கிறது. அது தீர்ந்த அன்று மாதக்கணக்கில் ஆடியது மொத்தமும் காலி. எலைட் ஃபோர் என்னும் கடைசிச் சவாலை வென்ற கையோடு சேமிப்பு அழிந்துபோனது என்பது போலி போக்கிமான் கேட்ரிட்ஜ்கள் பற்றி அடிக்கடி கேட்கும் புகார். 5 வோல்ட்டில் ஓடும் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் போன்ற கருவிகளுக்கான நகல்களில் வேறொரு வம்பு: 3.3 வோல்ட்டுக்கான சிப்பை, இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஏதுமின்றி அப்படியே பற்றவைத்துவிடுகிறார்கள். சிப்புக்கும் கெடுதல், கன்சோலுக்கும் நல்லதல்ல என்று மின்னணுவியல் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். "ரெப்ரோ" என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இதையும் எழுதுகிறார்கள்?

சொல்லிவிட்டுத்தானே விற்றேன் என்ற வாதத்தின் பெரிய ஓட்டை இரண்டாவது விற்பனையில் இருக்கிறது. முதல் முறை வாங்கியவருக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அவர் சலித்துப்போய் விற்கிறார், அல்லது தம்பிக்குக் கொடுக்கிறார், தம்பி விற்கிறான். விளம்பரத்தில் எழுதிய அந்த ஒரு வரி கேட்ரிட்ஜோடு பயணம் போவதில்லை. போவது லேபிள். அந்த லேபிளில் நின்டெண்டோவின் தரமுத்திரை முதல் வயது வரம்புச் சின்னம் வரை அச்சு அசலாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர், ஏமாற்றுவதற்கு மட்டுமே பயன்படும் முத்திரையை எதற்காக அவ்வளவு அக்கறையாக அச்சடிக்கிறார்? முதல் ஆளிடம் உண்மை பேசிவிட்டு, மூன்றாவது ஆளுக்கான பொய்யைப் பொருளிலேயே ஒட்டி அனுப்பும் வியாபாரம் இது.

அடுத்த கேடயம், பாதுகாப்பு. "நாங்கள் இல்லையென்றால் இந்தக் கேம்கள் அழிந்துபோகும்." கவலை உண்மையானது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால் நகல் விற்பவரின் மேசையில் அந்த 87 சதவீதத்தைத் தேடிப் பாருங்கள். எமரால்டு இருக்கும், எர்த்பவுண்ட் இருக்கும், க்ரோனோ ட்ரிக்கர் இருக்கும். எர்த்பவுண்ட் 2022 முதல் நின்டெண்டோவின் சந்தாவிலேயே கிடைக்கிறது. க்ரோனோ ட்ரிக்கரைக் கணினியிலும் கைபேசியிலும் வாங்கலாம். யாரும் கேட்காத, உண்மையிலேயே அழியப்போகிற கேம் ஒன்றுக்கு எந்தக் கடைக்காரரும் லேபிள் அச்சடிப்பதில்லை. தவிர, நகல் எடுக்க வேண்டுமானால் கேட்ரிட்ஜின் தரவை யாராவது முன்பே படித்துச் சேமித்திருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். காசு வாங்காமல் செய்தவர்கள். பாதுகாப்பு வேலை முடிந்த பிறகு கல்லாப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தவர் பாதுகாவலர் ஆக முடியாது.

இந்த வியாபாரத்தின் மிக அசிங்கமான பக்கம் ரசிகர் மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. மதர் 3 என்ற கேம் 2006இல் ஜப்பானில் மட்டும் வந்தது. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு வரவேயில்லை. கிளைட் மாண்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தலைமையில் ஒரு குழு தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்து, 2008 அக்டோபரில் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை இலவசமாக வெளியிட்டது. கேமை அவர்கள் கொடுக்கவில்லை. மாற்றங்கள் மட்டும் அடங்கிய சிறு கோப்பைக் கொடுத்தார்கள். 2013இல், வேண்டுமானால் எங்கள் மொழிபெயர்ப்பை நின்டெண்டோ இலவசமாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்றுகூட மாண்டலின் சொன்னார். நிறுவனத்திடமே காசு கேட்காத உழைப்பு அது. அதைக் கேட்ரிட்ஜில் ஏற்றி, பளபளப்பான பெட்டியில் போட்டு, விலை வைத்து விற்கிறார்கள். மொழிபெயர்த்தவருக்கு ஒரு பைசா போவதில்லை. விற்காதீர்கள் என்று ரசிகர் மொழிபெயர்ப்புக் குழுக்கள் பல, கோப்போடு சேர்த்தே எழுதி வைக்கின்றன. அந்த வரியையும் நகலெடுத்துக்கொண்டே விற்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனுக்காவது பக்தி இருந்தது. இவர்கள் உடைத்த சில்லையும் விற்கிறார்கள்.

உழைத்துச் செய்பவர்கள் இல்லையா என்றால், உண்டு. சீன நகல்கள் குவிவதற்கு முன்பு ரெப்ரோ என்பது கைவேலை. பழைய கேட்ரிட்ஜைத் திறந்து, சிப்பைப் பெயர்த்து, வேறு சிப்பில் நிரல் ஏற்றி, ஒவ்வொரு முனையாகப் பற்றவைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்பது நியாயம். ஆனால் அங்கேயும் ஒரு விலை ஓசையில்லாமல் கட்டப்பட்டது. 1995இல் முடித்தும் வெளியிடாமல் கைவிட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2ஐ நகலாக்க, சூப்பர் எஃப்எக்ஸ் சிப் உள்ள வேறொரு அசல் கேட்ரிட்ஜைப் பலி கொடுத்தார்கள். 2017இல் நின்டெண்டோவே அந்தக் கேமை வெளியிட்டுவிட்டது. பலியானவை திரும்பவில்லை. ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றை அழித்ததற்கும் வாங்கியவர்தான் காசு கொடுத்தார்.

"நின்டெண்டோ என்ன ஏழையா? அவர்களே கடையை மூடிவிட்டார்கள்" என்பது மூன்றாவது வாதம். கோபத்தில் எனக்கும் பங்குண்டு. 2019இல் வீ கன்சோலின் இணையக் கடையை மூடினார்கள். 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கடைகளையும் மூடினார்கள். விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்பது அநியாயம்தான். ஆனால் நிறுவனம் அநியாயம் செய்தால் ரசிகனிடம் ஆறு மடங்கு வாங்கும் உரிமை மூன்றாமவருக்கு எப்படி வருகிறது? நாற்பது டாலர் போனது நின்டெண்டோவின் பையிலிருந்து அல்ல. அடைத்த கதவுக்கு முன்னால் நின்ற ரசிகனின் பையிலிருந்து.

நம் ஊர்க்காரர்களிடம் இன்னொரு சமாதானமும் உண்டு: "நாமெல்லாம் டூப்ளிகேட் கேசட்டில் வளர்ந்தவர்கள்தானே?" உண்மைதான். தொண்ணூறுகளில் காண்ட்ராவும் மரியோவும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது பெரும்பாலும் போலிக் கன்சோல்களின் வழியே. 9999 கேம் என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சில கேம்கள் பெயர் மாறி மாறி வரும். பதிப்புரிமை பேசினால் அந்த வியாபாரமும் குற்றமே. ஆனாலும் பர்மா பஜாரில் விற்றவர் நகலுக்கு நகலின் விலையே சொன்னார். அபூர்வப் பொருள், சேகரிப்பாளர் பதிப்பு என்றெல்லாம் யாரும் பில் போடவில்லை. நம் சின்ன வயதுக் கேசட்டைச் சாட்சிக்கு அழைத்தால், அது இன்றைய வியாபாரிக்கு எதிராகத்தான் பேசும்.

நகல் விற்பதற்கு யோக்கியமான வழியே கிடையாதா? 2017இல் ஐயாம்8பிட் என்ற நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2வை சூப்பர் நின்டெண்டோ கேட்ரிட்ஜாகவே மறுபடி கொண்டுவந்தது. 5,500 பிரதிகள், விலை 100 டாலர். மலிவில்லை. ஆனால் கேப்காமின் உரிமத்தோடு வந்தது. கன்சோல் சூடாகலாம், தீப்பிடிக்கக்கூடும் என்கிற அளவுக்கு எச்சரிக்கையும் வெளிப்படையாக இருந்தது. அந்த விலையோடு எனக்குச் சண்டை இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். பணத்தில் ஒரு பங்கு கேமின் உரிமையாளருக்குப் போக ஒரு வழி இருந்தது. வேண்டிய கேமை நாமே ஏற்றிக்கொள்ளும் எவர்டிரைவ் போன்ற ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ்கள் இன்னொரு வழி. அவற்றில் விலை கருவிக்கு. எந்தக் கேமின் அபூர்வத்தையும் அவை விற்பதில்லை.

ஆகவே உரிமம் இல்லாமல் செய்பவரிடம் கேட்க வேண்டியது நாலே நாலு. உறையின் நிறம் அசலில் இல்லாததாக இருக்கட்டும். நகல் என்பது விளம்பரத்தில் மட்டுமல்ல, லேபிளிலும் உள்ளே பலகையிலும் அழியாதபடி அச்சாகட்டும். மொழிபெயர்த்தவர் விற்கக் கூடாது என்றால் விற்காதிருக்கட்டும். விலை, சரக்குச் செலவும் கைக்கூலியுமாக நிற்கட்டும். சட்டம் இதையும் ஏற்காது, எனக்குத் தெரியும். ஆனால் நான் பேசுவது சட்டத்தைப் பற்றி அல்ல, சக ரசிகனின் பையில் கைவைப்பதைப் பற்றி. இந்த நான்கையும் ஏற்றுக்கொண்டால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் இதுவரை விற்றது கேம் அல்ல என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படிப்பட்டவரிடம் வாங்காதீர்கள். "சொல்லித்தானே விற்கிறான்" என்று அவருக்காக வக்காலத்து வாங்குவதையும் நிறுத்துங்கள்.