சொன்னதை யார் எழுதி வைப்பது?

சமூக நீதிக்காகப் பாடுபடுகிறவர்கள் என்றதும் நம் கண்முன் வருவது மேடையும் ஒலிபெருக்கியும் பதாகையும்தான். இந்தப் பத்திக்காக அப்படிப்பட்டவர்கள் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தொழிற்சங்கத்தில் காலம் கழித்தவர்கள், தோட்டப்புறத்தில் பாலர் பள்ளி நடத்தியவர்கள், வீடு காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பங்களோடு நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள் எனப் பல வகையினர். குணத்தில் ஒருவருக்கொருவர் வெகுதூரம். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் எல்லாரிடமும் உண்டு. யாராவது தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால், "கொஞ்சம் இருங்கம்மா, அது எந்த வருஷம்? அப்போ நாள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு, கையில் இருக்கும் தாளில் குறித்துக்கொள்வார்கள். போராட்டம், மறியல், மகஜர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வாரம் அந்தத் தாளைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

சிரம்பான் லோபாக் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஜாலான் லோபாக் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களில் விசாரித்தால், ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ பின்னால் ஒரு தோட்டம் நிற்கும். லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்களை இன்றும் ஊர்ப்பெயர் போலச் சொல்கிற பெரியவர்கள் உண்டு. பெரட்டுக்குப் போன நேரம், நிரையில் எத்தனை மரம், மண்டோர் யார், கிராணி யார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

தோட்டத்துக் கணக்கு எழுதுவதில் இந்த மாநிலத்துக்குப் பழைய பெருமையும் உண்டு. நம் நாட்டின் பெரிய தொழிற்சங்கத் தலைவர் பி.பி. நாராயணன், நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து மேலே வந்தவர். 1954இல் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். முதலாளிகள் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து ரப்பர் விலை, நாள் சம்பளம், வெட்டிய பாலின் எடை என்று பேச, கணக்கு கையில் இருக்கவேண்டும். சங்கம் அதைச் செய்தது. பேசிய தொகை போதவில்லை என்ற குறை வேறு விஷயம். கூலி என்ற ஒன்றாவது காகிதத்தில் ஏறியது.

உடம்பு ஏறவில்லை. குறிப்பாகப் பெண்களின் உடம்பு.

தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, களைக்கு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் நம் பெண்களின் தோளில் விழுந்தது. செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகக் களை இல்லாமல் இருந்தால்தான் உதிரும் பழங்களைப் பொறுக்க முடியும். அந்த வட்டத்துக்காகத் தினமும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அப்படி மருந்தடித்த ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். நான் குறிப்பேட்டை எடுத்ததும் சிரித்தார்.

"எழுதி என்ன தம்பி ஆவப்போவுது? அப்பவே யாரும் எழுதல."

"என்னக்கா பண்ணும் அந்த மருந்து?"

"நகம் கறுத்து விழும். மூக்குல ரத்தம் வரும். கண்ணு எரியும். தொடை இடுக்குல, முதுகுல மருந்து வடிஞ்ச இடமெல்லாம் புண்ணு. டிரசர்கிட்ட போனா மாத்திரை கொடுப்பாரு. ஜுரம்னு எழுதுவாரு."

"மருந்தாலதான்னு சொல்லலையா?"

"சொன்னேன். அதை எழுத அவரு புத்தகத்துல இடம் இல்லையாம்."

அக்கா வேடிக்கையாகச் சொன்னதுதான். வீடு திரும்பியும் எனக்கு அது மறக்கவில்லை. ஜுரம் என்று எழுதினால் அது ஜுரம். நாளை யாராவது வந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினால், அந்தத் தோட்டத்தில் நிறையப் பேருக்கு ஜுரம் வந்தது என்றுதான் தெரியும். மருந்து அங்கே இருந்த சுவடே இருக்காது.

அந்த மருந்துகளில் மிகக் கொடியது பாராகுவாட். ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்து கிடையாது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி மூச்சு நிற்கும். தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் அதன் வழியாகவும் உடம்பில் இறங்கும். முள் கிழித்த கையோடும் ஒழுகுகிற பம்போடும் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

எழுதுவதற்கு இடம் இல்லாத புத்தகத்துக்குப் பதிலாக வேறொரு புத்தகம் திறந்தவர்கள் உண்டு. கோலாலம்பூரில் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா என்ற பெண்கள் அமைப்பு அவற்றில் ஒன்று. பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களிடம் நேரில் பேசி 1992இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குரலற்ற பலிகள் என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், இரண்டாவது ஆய்வு வந்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. மறுபடியும் மகஜர், மறுபடியும் கூட்டம். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

முதல் ஆய்விலிருந்து தடை வரை 28 ஆண்டுகள். அதற்குள் மருந்தடித்தவர்களில் பலர் வேலையை விட்டிருப்பார்கள், சிலர் உலகத்தையே விட்டிருப்பார்கள். இவ்வளவு தாமதமாக வந்ததை வெற்றி என்று சொல்லலாமா என்று யாரும் கேட்கலாம். ஆனால் அந்த 28 ஆண்டுகளில் அதிகாரிகள் மாறினார்கள், அமைச்சர்கள் மாறினார்கள். மாறாமல் மேசைமேல் கிடந்தது அந்தப் பெண்கள் சொன்னதை எழுதிய தாள்தான்.

தெனாகனித்தாவை நடத்திய ஐரின் பெர்னாண்டஸ் நம் தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர். 1946இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்தார். அப்பா ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். ஆசிரியையாக வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தார். அவரை நாடு முழுக்க அறியவைத்தது 1995இல் அவர் வெளியிட்ட ஒரு மகஜர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்து வெளியே வந்த 300க்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களிடம் பேசி, அடி உதை, பட்டினி, நோய் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்திருந்தார். செமினி முகாமில் பலர் இறந்துபோன செய்தியைப் பத்திரிகையாளர்கள் சிலரும் அப்போது தோண்டி எடுத்திருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள். டைபாய்டும் பெரிபெரியும் கொண்டுபோயின.

1996 மார்ச்சில் ஐரின் கைது செய்யப்பட்டார். பொய்ச் செய்தியைத் தீய எண்ணத்தோடு வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. நம் நாட்டின் மிக நீண்ட வழக்குகளில் ஒன்றாக அது இழுத்தது. 2003 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் வெளியே இருந்தார். 2005இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2014 மார்ச் 31 அன்று காலமானார். பிறர் சொன்னதைக் கேட்டு எழுதியதற்காக ஒருவர் ஏறக்குறைய 13 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருக்கிறார். கேட்பதும் எழுதுவதும் சாதுவான வேலை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

செமினி நமக்கு அந்நிய ஊர் இல்லை. சிலாங்கூரில் இருந்தாலும் மந்தின் தாண்டினால் வந்துவிடும். அங்கே மனிதர்கள் பெரிபெரியில் இறந்தார்கள் என்பதை நெகிரி செம்பிலான்காரர்கள் இரட்டை வருத்தத்தோடு படிக்கவேண்டும். அந்த நோயின் முடிச்சை அவிழ்த்ததில் நம் மாநிலத்துக்குப் பங்கு உண்டு.

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், இருதயம் நிற்கும். காரணம் தெரியாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று இனவாரியாகக் கணக்கெடுத்தார். வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. பக்கத்திலேயே புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு வரவில்லை. அரிசி கெட்டுப்போய் விஷமாகிறது என்று அவர் சொன்ன விளக்கம் தவறு. ஆனால் கணக்கு சரி. 1907இல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜெலுபு பக்கம் சாலை போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. தவிட்டோடு போய்விடும் சத்துதான் உயிரைக் காக்கிறது என்பது பின்னர் உறுதியானது. இன்று அதை பி1 வைட்டமின் என்கிறோம்.

ஆக, அந்த நோயைத் தடுக்கும் வழி அச்சில் ஏறி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆன பிறகு, பக்கத்து முகாமில் அதனால் மனிதர்கள் இறந்தார்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருப்பவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்க ஆள் இல்லை.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். நல்லது. நாம் இருந்த லயங்களில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். நாம் தூக்கிய பம்பை அவர்கள் தூக்குகிறார்கள். சட்டம் முன்பைவிடப் பரவாயில்லை. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அந்நியத் தொழிலாளருக்கும் அது பொருந்தும். 2019 ஜனவரி முதல் வேலையிடத்து விபத்துக்கு அவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆனால் சட்டத்தை வாசலில் கொண்டுவந்து வைத்தாலும், உள்ளே அழைக்கத் தாள் வேண்டும். சம்பளச் சீட்டு இருக்கிறதா? விபத்து நடந்த தேதி குறித்தோமா? மருத்துவச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்.

நம் வாசகர்களில் கிராணிகள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கடைசிப் பேருந்தில் ஒரு வங்காளதேசிப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவன் கையில் கட்டு இருந்தால், எப்படி ஆனது என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்த மலாயில் அவனுக்குத் தெரிந்த மலாயில் பேச்சு நடக்கும். தேதியை ஒரு தாளில் எழுதி அவனிடமே கொடுங்கள். அதற்கு இயக்கமும் வேண்டாம், பதவியும் வேண்டாம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவோ பாட்டியோ தோட்டத்தில் மருந்தடித்தவராக இருந்தால், என்ன மருந்து, எத்தனை வருஷம், உடம்புக்கு என்ன செய்தது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதி வையுங்கள். இன்று ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கலாம். அவர் முதலில் சிரிப்பார். எழுதி என்ன ஆகப்போகிறது என்பார். பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள்.