தொண்டர் சங்கம் கலைவதும் தொண்டே

காவேரி பெருகினாலும், கொள்ளைநோய் பரவினாலும், ஜேடர்பாளையம் போன்ற ஆற்றங்கரை ஊர்களின் வாலிபர்கள் கைபேசியின் துணையால் ஒரே இரவில் திரண்டு விடுகிறார்கள். போற்றத்தக்க காரியந்தான். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு? மிஞ்சிய பணமும் தலைவர் பட்டமும் யாருக்கு என்பதில்தான் சச்சரவு பிறக்கிறது.

காந்தி சேவா சங்கத்தின் சரித்திரத்தை அவர்கள் கவனிப்பார்களாக. ஒத்துழையாமைக்காகக் கோர்ட்டைத் துறந்த வக்கீல்களின் குடும்பங்கள் தவிக்கலாகாதென்று ஜம்னாலால் பஜாஜ் லட்சம் ரூபாய் அளித்தார். (நமது தொழிலாருக்கு அப்படியும் ஒரு காலம் இருந்தது!) 1923-ல், கதரிலும் ஹரிஜன சேவையிலும் ஈடுபட்ட ஊழியர்களைத் தாங்குவதற்கென்று அவர் முயற்சியால் சங்கமே ஏற்பட்டது. நாளடைவில் அங்கத்தினர் தேர்தல்களில் புகுந்தனர். 1939-ல் திரிபுரித் தகராறின்போது, சங்கம் ஒரு கட்சியாகி விட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது முற்றிலும் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். 1940 பிப்ரவரியில், கிழக்கு வங்காளத்து மாலிகண்டாவில், காந்தியடிகளே அதைக் கலைத்துவிடும்படி யோசனை கூறினார். ஒரு சிறு குழு மட்டுமே மிஞ்சியது. அதனால் நிர்மாண வேலை நின்றதா? திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி ஸ்தாபித்த ஆசிரமம் இன்றும் இருக்கிறது.

ஆகையால் நமது வாலிபர்கள் வரவுசெலவுக் கணக்கை ஊர்ச் சாவடியில் ஒட்டட்டும். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்திற்குக் கொடுத்துவிட்டுச் சங்கத்தைக் கலைக்கட்டும். அடுத்த ஆடியில் மேட்டூர் நிரம்பி வழிந்தால், மறுபடி கூடுவதை யார் தடுக்கப் போகிறார்கள்?