காது மடலுக்கு ஆபரேஷனா? கொஞ்சம் பேசலாம்



முழுப் பரீட்சை லீவு நெருங்கினால் சில வீடுகளில் மெல்லக் கிளம்புகிற பேச்சு இது. "பையனுக்குக் காது இப்படி விரிஞ்சு நிக்குதே, இந்த லீவுலயே ஆபரேஷன் பண்ணிடலாமா?" இன்னொரு வீட்டில் வேறு கவலை. "ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். காது ஓட்டை கிழிஞ்சு கிடக்கு, அதுக்குள்ள தைச்சிடணும்."

பல்லுக்குக் கம்பி போடுவதைப் பற்றிக் கூச்சமில்லாமல் விசாரிக்கிறோம். காது என்றால் மட்டும் ஏன் அடிக்குரல்?

இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. அறுந்த காது மடலை ஒட்டவைக்கப் பதினைந்து வழிகளைச் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை. விரிந்த காதை அழகுக்காகவே திருத்தியவர் நியூயார்க் டாக்டர் எட்வர்ட் ஈலி. 1881-ல் அவர் இதைப் பற்றி எழுதினார். கூட்டாளிகளின் கேலி தாங்காத 12 வயதுப் பையனுக்குத்தான் அந்த ஆபரேஷன். நம் தென் மாவட்டங்களில் மட்டும் என்ன? பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தொங்கிய காதை, காலம் மாறியதும் அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மல் போட்ட பாட்டிகள் எத்தனை பேர்!

காது ஏன் விரிந்து நிற்கிறது? மடலின் உள்மடிப்பு சரியாக விழாமல் போயிருக்கும், அல்லது நடுக்குழி ஆழமாக இருக்கும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. "ஒழுங்காத் தலையைத் திருப்பிப் படுக்க வைக்கலை" என்று மருமகளைச் சொல்லுமுன், உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் மாமியார்களே. அதே காதோடு தாத்தா உட்கார்ந்திருப்பார்.

கத்தியே இல்லாமல் சரிசெய்ய ஒரு வாய்ப்பு உண்டு. பிறந்த முதல் சில வாரங்களில், அம்மாவிடமிருந்து வந்த ஹார்மோன் குழந்தையின் உடலில் இருக்கும்வரை காதுக் குருத்தெலும்பு இளகியே இருக்கும். அப்போது டாக்டர் பொருத்தும் சிறு அச்சு, மடலை வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். சில மாதம் தாண்டினால் இது பலிக்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ராத்திரி துணியை இறுக்கிக் கட்டுவதால் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆபரேஷன்தான் வழி. ஐந்தாறு வயதில் காது கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்துவிடும் என்பதால், அதன் பிறகு செய்யலாம் என்பார்கள். ஆனால் செய்யலாம் என்றால் செய்தே ஆக வேண்டுமா? கேட்பது பிள்ளையா, பெற்றவர்களா? பையன் தன் காதைப் பற்றி நினைக்காமலே விளையாடிக்கொண்டிருந்தால், அவன் பாட்டுக்கு விளையாடட்டும். அவனே முடியை வளர்த்துக் காதை மறைக்கிறான், போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்கிறான் என்றால், அது வேறு விஷயம். அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அக்கா, மாமா யாரும் பக்கத்தில் வேண்டாம்.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. காதின் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்து, உள்ளே நிலையான தையல் போட்டு நிறுத்துவார்கள். சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கம். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். காது கேட்பதில் எந்த மாற்றமும் வராது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

உண்மையான சோதனை வீட்டுக்கு வந்த பிறகுதான். சில நாளிலிருந்து ஒரு வாரம்வரை தலையைச் சுற்றிக் கட்டு. சித்திரை வெயிலில் அதற்குள் வியர்க்கும், அரிக்கும், தலைக்கு ஊற்றவும் முடியாது. கட்டைப் பிரிக்கும் நாளில் காது வீங்கி, கன்றிப்போய், மண்டையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அப்புறம் நாலிலிருந்து ஆறு வாரம் தூங்கும்போது ஹெட்பேண்ட். அதுவரை கிரிக்கெட்டும் நீச்சலும் இல்லை. பெரியவர்கள் ஹெல்மெட் எப்போது மாட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். மடல் சில வாரம் மரத்தே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கட்டுக்குள் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், வலி மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், சீழ் என்றாலும் அப்படித்தான்.

நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் கீலாய்டு தொல்லை சற்று அதிகம். அது வரும் இடங்களில் காதும் ஒன்று. காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ முன்பே அப்படி வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இரண்டு காதும் அச்சு அசலாக ஒன்றுபோல அமையுமா? அமையாது. இப்போதும் யாருக்கும் அப்படி இல்லை. சிலருக்குத் தையல் தளர்ந்து மடல் கொஞ்சம் பழையபடி விரியும். சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டி வரும்.

கிழிந்த ஓட்டை விஷயம் இவ்வளவு பெரிதில்லை. ஊசி போட்டு அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்கள், சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆனால் மறுபடி காது குத்த இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவும் தழும்பின் மேலேயே குத்தாமல் சற்றுத் தள்ளி. ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியில் ஓடாதீர்கள். வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். கனமான ஜிமிக்கி போட்டால் கூடவே மாட்டலும் போடுங்கள். அது வெறும் அலங்காரம் இல்லை, பாரத்தைத் தாங்கத்தான்.

"தையலே இல்லாமல் மருந்து வைத்து ஒட்டித் தருகிறோம்" என்று போர்டு வைக்கும் பார்லர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். ஆசிட் வகை மருந்தைப் பயிற்சி இல்லாதவர் கையில் எடுத்தால் மடல் வெந்துபோகும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது. விபத்தில் சிதைந்த காது என்றால் கேட்டுப் பார்க்கலாம். வசதி குறைந்தவர்கள் தயங்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, போய் விசாரியுங்கள். தனியார் என்றால், டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். மயக்க மருந்துக் கட்டணம், பிறகு வந்து காட்டும் செலவு, திரும்பச் செய்ய நேர்ந்தால் யார் தலையில் என்பதையெல்லாம் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்