ஆம்ப் இரைகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்!

கிடார் ஆம்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சலா? பவர் கண்டிஷனர் வாங்கும் முன் ஒரு சோதனை. கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். அடங்கினால், இரைச்சல் கிடார் பிக்கப்பிலிருந்து வருகிறது. அடங்காவிட்டால் கேபிள், ஆம்ப், கரன்ட் பக்கம் பாருங்கள்.

நம் வீட்டுக் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் வரும் ரீங்காரத்தைச் சாதாரண கண்டிஷனர் நீக்காது. மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் கிளப்பும் 'கரகர'வைத்தான் குறைக்கும்.

பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று எர்த் இணைப்பை அரிக்கும். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சோதியுங்கள். ஆம்ப், சவுண்ட் மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுங்கள்.

இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ மேடையில், சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார்.

எர்த் சரியான பிறகும் கரகரத்தால், கண்டிஷனர் வாங்கலாம்.