எதற்கு ஒத்து ஒழுகுவது?

ஆங்கிலத்தில் ‘கன்பார்ம்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ரயில் டிக்கெட்டு உறுதியானதும் நாம் சொல்கிறோமே, அந்தச் சொல் அன்று இது. அதன் லத்தீன் அடிக்கு ‘உறுதி’ என்று பொருள். இதன் அடியாகிய ‘போர்மா’வுக்கு ‘வடிவம்’ என்று பொருள். ஒன்றன் வடிவத்துக்குத் தன்னை ஒப்பாக்கிக் கொள்வதே இவ்வினை. இதன்பின் பெரும்பாலும் ‘டு’ என்னும் சொல் வரும்; நம் ‘கு’ உருபைப் போன்றது அது. ஆகவே, ‘எதற்கு?’ என்ற வினா இச்சொல்லை விட்டு நீங்குவதில்லை.

எங்கள் செய்யூர் உப்பளத்தில் கடல்நீர் பாத்தியின் வடிவை ஏற்கிறது; அதற்கு வேறு வழியில்லை. மனிதனுக்கோ உண்டு. 1662-இல் இங்கிலாந்தில் அரசாங்கம் விதித்த வழிபாட்டு முறைக்கு இணங்காத நூற்றுக்கணக்கான பாதிரிமார் பதவி இழந்தனர். ‘நான்கன்பார்மிஸ்டு’ என்ற பெயர் அத்தகையோர்க்கே வழங்கலாயிற்று.

1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரணியத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தனர். அவர்கள் கட்டுப்பாடற்றவர்களா? அல்லர். சட்டத்துக்கு ஒத்து ஒழுக மறுத்தவர்கள் அகிம்சைக்கு ஒத்து ஒழுகினார்கள்.

நம் குழந்தைகளிடம் ‘ஊரோடு ஒத்துப்போ’ என்று சொல்லுமுன், ‘எதற்கு?’ என்று கேட்கவும் கற்பிப்போமாக. இச்சொல்லின் இலக்கணமே அவ்வினாவில்தான் அடங்கியிருக்கிறது.